சம்பாதித்தவர் இறந்துபோன வீட்டுக்கு உரிய பணம் ஏன் கேட்கப்படாமலே போகிறது?

குழு_ஊக்குநர்:

வணக்கம். சுய உதவிக் குழுப் பெண்களுக்காக ஒரு பக்கத்தில் துண்டறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். எல்லாத் திட்டங்களையும் அடுக்கிவைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த மாதிரி நோட்டீஸ் ஏற்கெனவே நிறைய இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. ஒரே ஒரு நிலைமையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: சம்பாதித்துக்கொண்டிருந்த ஆள் திடீரென்று இறந்துவிட்ட வீடு.

அந்த வீட்டுக்கு வர வேண்டிய பணம் நாலைந்து இடங்களில் கிடக்கிறது. வங்கிக் கணக்கில் வருடம் 436 ரூபாய் பிடித்திருந்தால் 2 லட்சம். மில்லில் பி.எஃப். பிடித்திருந்தால் அதனுடன் சேர்ந்த காப்பீடும் விதவை பென்ஷனும். வண்டி மோதிவிட்டு நிற்காமல் போயிருந்தால் அதற்கு ஒரு நிவாரணம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பமாக இருந்து, இறந்தவர் 18 முதல் 59 வயதுக்குள் இருந்தால் தேசிய குடும்ப நலத் திட்டத்தில் 20,000. இவ்வளவு இருந்தும் அதே வீடு பதினாறாம் நாள் காரியத்துக்கு வட்டிக்கு வாங்குகிறது.

கேள்வி இரண்டு. “மக்களுக்குத் தெரியவில்லை” என்பதுதான் காரணமா, தெரிந்த பிறகும் எங்கேயாவது அறுந்துபோகிறதா? முதல் ஒரு மாதத்தில் வீட்டார் செய்ய வேண்டியது என்ன, செய்யவே கூடாதது என்ன? விவரம் தெரிந்தவர்கள் தொகை, தாள், தேதியோடு எழுதுங்கள்.

கிளைக்கு_வெளியே:

சகோதரி, தெரியாமைதான். ஆனால் திட்டத்தின் பெயர் தெரியாமல் இல்லை. இறந்தவர் அதில் சேர்ந்திருந்தார் என்பதே வீட்டாருக்குத் தெரியாது. இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் துண்டறிக்கையை எழுத வேண்டும்.

பிரதமர் ஜீவன் ஜோதி, சுரக்‌ஷா இரண்டும் வங்கிக் கணக்கு வழியாகச் சேரும் காப்பீட்டுத் திட்டங்கள், 2015இல் வந்தவை. கணக்குத் தொடங்கும்போதோ கடன் வாங்கும்போதோ நீட்டிய தாள்களில் ஒரு கையெழுத்து போட்டிருப்பார். அதோடு சரி. ஒவ்வொரு வருடமும் மே கடைசி வாரத்தில் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்வார்கள். எல்.ஐ.சி. பத்திரம் போல டிரங்குப் பெட்டியில் எடுத்துவைக்க ஒன்றும் கிடையாது. விண்ணப்பத்தின் அடியில் கிழித்துக் கொடுக்கும் ஒப்புகைச் சீட்டுதான் சான்று. அதை யாரும் வைத்திருப்பதில்லை.

ஆகவே மிஞ்சும் சாட்சி பாஸ்புக்கில் ஒரு வரி. மே 25 முதல் ஜூன் முதல் வாரம் வரை உள்ள வரிகளில் 436 என்றோ 20 என்றோ ஒரு பற்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 436 என்றால் ஜீவன் ஜோதி: எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். 20 என்றால் சுரக்‌ஷா: விபத்தில் இறந்தால் 2 லட்சம். 2022 ஜூனுக்கு முன்னால் இதுவே 330ஆகவும் 12ஆகவும் இருந்தது. பழைய பாஸ்புக்கில் அந்த எண்களைப் பார்த்தாலும் சேர்ந்திருக்கிறார் என்று அடையாளம் தெரிந்துகொள்ளலாம், பிறகு சமீபத்து மே மாதத்தைத் தேட வேண்டும். வருட நடுவில் சேர்ந்தவருக்கு முதல் வருடம் மட்டும் 342, 228, 114 என்று குறைத்துப் பிடித்திருப்பார்கள். 436ஐ மட்டும் தேடிவிட்டு இல்லை என்று விட்டுவிடக் கூடாது.

பாஸ்புக்கில் இரண்டு வருடமாக வரி ஏறவில்லை என்றால் கிளையில் கணக்கு விவரத்தாள் கேளுங்கள். “இவருக்கு இன்சூரன்ஸ் இருக்கா?” என்று வாயால் கேட்டால் கவுன்ட்டரில் இருப்பவர் ஒரு திரையைப் பார்த்து “இல்லை” என்று சொல்லிவிடுவார். “போன மே 20லிருந்து ஜூன் 10 வரை ஸ்டேட்மென்ட் கொடுங்கள்” என்று கேட்டால் பதில் தாளில் வரும். ஒருவருக்கு மூன்று வங்கியில் கணக்கு இருந்தால் மூன்றிலும் பாருங்கள். தபால் அலுவலகச் சேமிப்புக் கணக்கையும் விட வேண்டாம். மூன்றிலும் பிடித்திருந்தாலும் கிடைப்பது ஒரு 2 லட்சம்தான்.

எங்கே நிராகரிப்பார்கள் என்பதையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் நம்பி அலைவார்கள். ஜீவன் ஜோதியில் 50 வயதுக்குள் சேர வேண்டும், பாதுகாப்பு 55 வரை. சுரக்‌ஷா 18 முதல் 70 வரை. ஆதாரில் பிறந்த தேதி தெரியாமல் ஜனவரி 1 என்று போட்டு நாலைந்து வயது கூட்டிவைத்திருக்கிறார்கள் அல்லவா, அது இங்கேதான் வந்து உதைக்கும். வங்கி தன் பதிவேட்டில் உள்ள வயதைத்தான் பார்க்கும். அடுத்தது, சேர்ந்த முதல் 30 நாளுக்குள் விபத்தல்லாத மரணம் என்றால் ஜீவன் ஜோதியில் பணம் இல்லை. இது புதிதாகச் சேர்ந்தவருக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். மே கடைசியில் கணக்கில் 436 இல்லாமல் அறுந்துபோய், ஆகஸ்டில் திரும்பச் சேர்ந்தால் அந்த 30 நாள் மறுபடியும் முதலிலிருந்து ஓடும்.

சுரக்‌ஷாவில் மாரடைப்பு வராது, தற்கொலை வராது. பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுதல், நீரில் மூழ்குதல், மின்சாரம் பாய்தல் எல்லாம் வரும். உயிர் போகாமல் ஒரு கண்ணோ ஒரு காலோ போனால் 1 லட்சம், இரண்டும் போனால் 2 லட்சம். இதைக் கேட்கிறவர்கள் இன்னும் குறைவு.

கொடுக்க வேண்டியது: கோரிக்கைப் படிவம் (ஜன்சுரக்‌ஷா இணையதளத்தில் தமிழிலேயே இருக்கிறது), இறப்புச் சான்றிதழ், நாமினியின் ஆதார், நாமினியின் சொந்தப் பாஸ்புக் முதல் பக்கம். விபத்தென்றால் எஃப்.ஐ.ஆர். நகலும் போஸ்ட்மார்ட்டம் அறிக்கையும். 30 நாளுக்குள் கொடுப்பது நல்லது. தாண்டிவிட்டது என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட வேண்டாம், தாமதத்துக்குக் காரணம் எழுதி இணைத்துக் கொடுங்கள். ஒரு நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வரக் கூடாது.

செய்யவே கூடாதது ஒன்று: கணக்கை முடிக்காதீர்கள். “அவரு போயிட்டாரு, கணக்கு எதுக்கு” என்று மீதி 1,800 ரூபாயை வாங்கிக்கொண்டு, பாஸ்புக்கையும் கிளையிலேயே ஒப்படைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். 2 லட்சத்துக்கான சாட்சி அந்தப் பாஸ்புக்கோடு போய்விடுகிறது. முதலில் கோரிக்கை, பணம் வந்த பிறகு கணக்கு முடித்தல்.

மணியக்காரர்_தெரு:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் முழுக் காரணம் அதுவல்ல என்பேன். பாஸ்புக்கில் 436ஐக் கண்டுபிடித்துக் கையில் வைத்திருக்கிற வீடுகளிலும் பணம் வாங்காமல் நிற்கிறது. காரணம் பெயர்.

நம் ஊர்ப் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதாரில் “முருகன் கு”. பாஸ்புக்கில் “கே.முருகன்”. ரேஷன் கார்டில் “முருகேசன்”. மில் அடையாள அட்டையில் “முருகன் குப்புசாமி”. நாலும் ஒரே ஆள் என்று தெருவுக்கே தெரியும், கணினிக்குத் தெரியாது. இறப்புச் சான்றிதழில் ஐந்தாவதாக ஒரு எழுத்துக்கோர்வை வந்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு ஆறு மாத அலைச்சல் தயார். அதனால் என் கருத்தில் துண்டறிக்கையின் முதல் வரி இதுவாக இருக்க வேண்டும்: *இறப்பைப் பதியப் போகிறவர் வாயால் பெயர் சொல்லக் கூடாது, ஆதார் நகலையும் பாஸ்புக் நகலையும் கையில் கொடுத்து, எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும்.* அப்பா பெயர், மனைவி பெயர், வயது, முகவரி நாலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். துக்க வீட்டில் இந்த வேலைக்கு அனுப்புவது பெரும்பாலும் பங்காளி வீட்டுப் பையனை. அவனுக்குச் சித்தப்பாவின் முழுப் பெயரே தெரியாது, கூப்பிடு பெயரைச் சொல்லிவிட்டு வருவான்.

எங்கே பதிவது என்பதிலும் குழப்பம். இறந்த இடத்தில்தான் பதிவு, குடியிருந்த இடத்தில் அல்ல. கிராமத்தில் வீட்டில் இறந்தால் வி.ஏ.ஓ. பெரியாஸ்பத்திரியில் இறந்தால் அந்த ஊர்ப் பதிவாளர். மதுரையில் உயிர் போனவருக்கு நத்தத்து வி.ஏ.ஓ. சான்றிதழ் தர முடியாது. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணம். அதற்கு மேல் ஒரு வருடத்துக்குள் என்றால் மேலதிகாரியின் அனுமதி வேண்டும். ஒரு வருடம் தாண்டினால் நிர்வாக நடுவர் உத்தரவு, அதாவது கோட்டாட்சியர் அலுவலகம், சாட்சிகள், தேதிகள். பதினாறாம் நாள் காரியம் முடிகிற வரை எந்த வேலையும் தொடக் கூடாது என்று இருக்கிற வீடுகளுக்கு, காரியம் முடிந்த பிறகு கட்டணமில்லாத அவகாசம் ஐந்தே நாள்தான். இதை அப்படியே எழுதுங்கள், மனதில் நிற்கும்.

பிழை விழுந்துவிட்டால் பதிவாளரிடமே திருத்தம் கேட்கலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் சான்றிதழ் வாங்கிய வாரத்திலேயே கேளுங்கள். அந்தத் தப்பான பெயரை வைத்து வாரிசுச் சான்றிதழும் வாங்கிவிட்டால் பிறகு இரண்டையும் திருத்த வேண்டும்.

வாரிசுச் சான்றிதழ் என்றதும் இன்னொன்று. எல்லாவற்றுக்கும் அதைக் கேட்பார்கள் என்று நினைத்து, அது கைக்கு வரும்வரை எதையும் தொடாமல் காத்திருக்கிறார்கள். இ-சேவையில் விண்ணப்பித்து, வி.ஏ.ஓ. விசாரித்து, ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) பார்த்து, தாசில்தார் கையெழுத்தாக நாள் பிடிக்கும். நாமினி உயிரோடு இருந்தால் ஜீவன் ஜோதிக்கோ சுரக்‌ஷாவுக்கோ வாரிசுச் சான்றிதழ் தேவையில்லை. நாமினி இடம் வெறுமையாக இருந்தாலோ நாமினியும் இறந்திருந்தாலோதான் வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கட்டும், ஒன்றுக்காக ஒன்றை நிறுத்த வேண்டாம்.

இதற்கெல்லாம் பின்னால் ஒரு கூச்சமும் இருக்கிறது. “அவர் செத்த காசில் சாப்பிடுவதா” என்று அந்தப் பெண்ணே நினைப்பாள். அவள் நினைக்காவிட்டால் சுற்றி இருப்பவர்கள் நினைக்கவைப்பார்கள். ஒரு மாதத்துக்குள் அவள் வங்கிப் படி ஏறினால் தெரு பேசும். உங்கள் குழுவிலிருந்து இரண்டு பேர் கூடப் போனால் அந்தப் பேச்சு பாதி அடங்கும். தாளில் எழுத முடியாத உதவி இது, ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரியது.

சாலைவிதி:

போஸ்ட்மார்ட்டம் பற்றி யாராவது எழுத வேண்டும், நான் எழுதுகிறேன்.

விபத்து மரணங்களில் பணம் கைவிட்டுப் போவது வங்கியில் அல்ல, இறந்த அன்றே. பாம்பு கடித்து இறந்தவரை, தென்னை மரத்திலிருந்து விழுந்தவரை, மோட்டார் கொட்டகையில் ஷாக் அடித்தவரை “அறுக்க வேண்டாம், அப்படியே அடக்கம் பண்ணிடலாம்” என்று எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தத் தவிப்பு புரிகிறது. ஆனால் அடக்கம் முடிந்த பிறகு அது விபத்து என்று காட்ட ஒரு துண்டுத் தாளும் இருக்காது. காவல் நிலையத்தில் தகவல் கொடுத்தால் இயற்கைக்கு மாறான மரணம் என்று பதிவாகும் (முன்பு 174ஆம் பிரிவு என்பார்கள், 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 194ஆம் பிரிவு). அரசு மருத்துவமனையில் உடற்கூராய்வுக்குக் கட்டணம் கிடையாது. பாம்புக்கடிக்கும் மரத்திலிருந்து விழுந்ததற்கும் உடனே சேர்த்த மருத்துவமனையின் பதிவில் காரணம் எழுதப்பட்டிருந்தால் அதுவும் ஏற்கப்படும். ஆகவே அங்கே சேர்க்கும்போதே “மயக்கம்” என்று சொல்லாமல் “பாம்பு கடித்தது, இந்த இடத்தில், இத்தனை மணிக்கு” என்று சொல்லி எழுதவையுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட மோதிவிட்டு ஓடிய வண்டி. 2022 ஏப்ரல் 1 முதல் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000. முன்பு 25,000மும் 12,500ம் ஆக இருந்தது. வண்டி எண் தெரியாது என்பதால்தான் இந்தத் திட்டமே இருக்கிறது. ஆனால் வீட்டாரோ “வண்டி நம்பரே தெரியலையே, யார்கிட்ட கேக்குறது” என்று விட்டுவிடுகிறார்கள்.

எவ்வளவு பேர் விட்டுவிடுகிறார்கள் என்பது உச்ச நீதிமன்றத்திலேயே வந்தது. 2022இல் நாடு முழுக்க இப்படிப்பட்ட விபத்துகள் 67,387. 2022–23 நிதியாண்டில் வந்த விண்ணப்பங்கள் 205. இதைப் பார்த்துவிட்டுத்தான் 2024 ஜனவரியில் நீதிமன்றம் காவல்துறைக்கு ஒரு கடமை வைத்தது: விபத்தை நிலையத்தில் பதிந்து ஒரு மாதத்துக்குள் வண்டியைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், இந்த நிவாரணம் இருக்கிறது என்று காயம்பட்டவருக்கோ இறந்தவரின் குடும்பத்துக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும், யாரிடம் விண்ணப்பிப்பது என்ற விவரத்தோடு. அந்தக் கடிதம் வராத வீட்டில் அதைக் கேட்டு வாங்கலாம். “வண்டி கண்டுபிடிக்கப்படவில்லை என்று எழுதிக் கொடுங்கள்” என்று நிலையத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

விண்ணப்பம் போக வேண்டியது கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலையில் உள்ள விசாரணை அலுவலருக்கு. நீதிமன்றம் இல்லை, வக்கீல் வேண்டாம். படிவம் 1, எஃப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, இறப்புச் சான்றிதழ், அடையாளச் சான்று, வங்கிப் பாஸ்புக். விசாரணை அலுவலர் ஒரு மாதத்தில் அறிக்கை அனுப்ப வேண்டும், ஆட்சியர் 15 நாளில் அனுமதிக்க வேண்டும், அதற்குப் பின் 15 நாளில் பணம் நேராகக் கணக்குக்கு. பிற்பாடு வண்டி கிடைத்து வழக்கில் அதிகத் தொகை வந்தால் இந்த 2 லட்சத்தை அதில் கழித்துக்கொள்வார்கள். இதை வாங்கியதால் வழக்கு போய்விடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

குழு_ஊக்குநர்:

மிக்க நன்றி. 21 நாள், 16 நாள் கணக்கு இவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை.

இரண்டு சந்தேகம். மில், கார்மென்ட்ஸ் வேலைக்குப் போனவர்களுக்கு பி.எஃப். பிடித்தார்களா என்பதே வீட்டுக்குத் தெரியாமல் இருந்தால் எங்கிருந்து தொடங்குவது? இன்னொன்று, கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவை நாமினியாகப் போட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். அப்போது மனைவிக்கு எதுவும் இல்லையா?

சம்பளச்_சீட்டு:

இறந்தவரின் செல்போனிலிருந்து தொடங்குங்கள் அக்கா. அந்த சிம் கார்டை உயிரோடு வைத்திருக்க வேண்டும். சின்ன ரீசார்ஜ் போதும். மூன்று மாதம் சும்மா கிடந்தால் எண்ணைத் துண்டித்துவிடுவார்கள், பிறகு வேறொருவருக்கே போய்விடும். பி.எஃப். குறுஞ்செய்தி, வங்கிப் பிடித்த செய்தி எல்லாம் அதில்தான் இருக்கும். போனை விற்பதோ, சிம்மைக் கழற்றிப் போட்டுவிட்டு மகனுக்குக் கொடுப்பதோ கூடாது. குறுஞ்செய்திகளில் யு.ஏ.என். என்ற 12 இலக்க பி.எஃப். எண்ணைத் தேடுங்கள். அல்லது ஒரு சம்பளச் சீட்டு கிடைத்தால் அதில் இருக்கும். அதுவும் இல்லை என்றால் மில்லிடமோ ஒப்பந்தக்காரரிடமோ எழுதிக் கேட்க வேண்டும். ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்குப் போனவருக்கு மில்லின் பெயரில் அல்ல, சம்பளம் போட்ட ஒப்பந்தக்காரர் பெயரில் கணக்கு இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

பி.எஃப். அலுவலகத்தில் வாங்க வேண்டியது மூன்று. வீட்டார் கேட்பது ஒன்றுதான், சேர்ந்த பணம். மற்ற இரண்டு அங்கேயே நின்றுவிடும்.

இரண்டாவது, காப்பீடு. தொழிலாளி தனியாக ஒரு பைசா கட்டியிருக்க மாட்டார், அதனால் அவருக்கே தெரிந்திருக்காது. கணக்கு இப்படி: கடைசி 12 மாதச் சராசரிச் சம்பளத்தை (15,000க்கு மேல் எடுக்க மாட்டார்கள்) 35ஆல் பெருக்கி, கணக்கில் இருந்த சராசரி இருப்பில் பாதியை (1,75,000 வரை) கூட்டுவார்கள். அடிப்படைச் சம்பளம் 12,000, இருப்பு 80,000 என்று வையுங்கள்: 4,20,000 கூட்டல் 40,000, மொத்தம் 4,60,000. உச்சம் 7 லட்சம். ஒரு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்தவருக்குக் குறைந்தது 2.5 லட்சம். வேலை இடத்தில் இறந்திருக்க வேண்டும் என்று ஒரு தப்பெண்ணம் பரவிக்கிடக்கிறது. வேலையில் இருந்த காலத்தில் இறந்திருந்தால் போதும். வீட்டில் தூக்கத்தில் போயிருந்தாலும் உண்டு.

மூன்றாவது, பென்ஷன். பத்து வருடம் இருந்தால்தான் பென்ஷன் என்பது ஓய்வுபெறுகிறவருக்கு. வேலையில் இருக்கும்போது இறந்தவருக்கு ஒரு மாதம் கட்டியிருந்தாலே மனைவிக்கு மாதப் பென்ஷன், குறைந்தது 1,000. கூடவே 25 வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகளுக்கு விதவை பென்ஷனில் கால் பங்கு வீதம். அப்பா நாமினியாக இருக்கும் விஷயத்துக்கு இங்கே பதில் இருக்கிறது: இந்தப் பென்ஷனுக்கு நாமினி யார் என்று பார்க்க மாட்டார்கள், மனைவி இருந்தால் மனைவிக்குத்தான். மாமனார் சேமிப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்பதற்காக அந்தப் பெண் பென்ஷனை விட வேண்டியதில்லை. மறுமணம் செய்தால் மனைவியின் பென்ஷன் நிற்கும். பிள்ளைகளுக்கு உரியது தொடரும்.

20, 10டி, 5ஐ.எஃப். என்று மூன்று படிவங்கள் இருந்தன. இப்போது இறப்புக்கென்று ஒரே கூட்டுப் படிவம், மூன்றுக்கும் அதில் கட்டம் இருக்கிறது. இ-சேவையிலோ கடையிலோ நிரப்பித் தருகிறவர் முதல் கட்டத்தை மட்டும் டிக் அடித்துவிடுவார். மூன்றையும் டிக் அடித்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்து போடச் சொல்லுங்கள்.

ஈ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் ஈமச் செலவுக்கு 15,000 வரை உண்டு, மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும்.

கிளைக்கு_வெளியே:

நாமினி பற்றி ஒரு சேர்க்கை. வங்கியில் இருக்கும் சேமிப்புப் பணத்தை நாமினி வாங்கினாலும் அவர் வாரிசுகளுக்காக வாங்குகிறவர்தான். மனைவி, பிள்ளைகளின் பங்கு போய்விடாது. ஜீவன் ஜோதி 2 லட்சம் மட்டும் நாமினி கையில்தான் கொடுப்பார்கள். மாமனாரை வைத்துக்கொண்டே படிவம் கொடுத்துவிட்டு, பெரியவர்கள் முன்னிலையில் பேசி எழுதிக்கொள்வதுதான் நடைமுறையில் உதவும். உயிரோடு இருப்பவர்கள் எல்லோரும் இன்றைக்கே கிளைக்குப் போய் நாமினியை மாற்றிக்கொள்ள ஒரு விண்ணப்பம் கொடுத்தால் போதும். உங்கள் மாதாந்திரக் கூட்டத்தில் அதை ஒரு வேலையாக வையுங்கள்.

ஜன்தன் கணக்கின் ரூபே கார்டிலும் விபத்துக் காப்பீடு உண்டு. 2018 ஆகஸ்ட் 28க்குப் பிறகு தொடங்கிய கணக்குக்கு 2 லட்சம், அதற்கு முந்தையதற்கு 1 லட்சம். விபத்துக்கு முந்தைய 90 நாளில் அந்தக் கார்டை ஒரு முறையாவது தேய்த்திருக்க வேண்டும். கார்டை பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிற வீட்டுக்கு இது கிடைக்காது. மாதம் ஒரு தடவை நூறு ரூபாய் எடுத்தால் தீர்ந்தது.

கடன்_அட்டை:

யாரும் தொடாத ஒன்று. குழுக் கடன், நுண்கடன் கம்பெனிக் கடன் எதை எடுத்தாலும், பெரும்பாலும் கொடுக்கும்போதே காப்பீடு என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டுதான் கையில் தருகிறார்கள். கடன் வாங்கியவரோ, சில கடன்களில் அவருடைய கணவரோ இறந்தால் மீதித் தவணை காப்பீட்டில் கழிய வேண்டும். ஆனால் அடுத்த வாரமே வசூலுக்கு வந்து நிற்கிறார்கள், குழுவும் சேர்ந்து நெருக்குகிறது, அந்தப் பெண் கழுத்துச் சங்கிலியை அடகுவைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

கடன் அட்டையையும் கடன் கொடுத்தபோது தந்த விவரத்தாளையும் எடுங்கள். காப்பீட்டுக் கட்டணம் எவ்வளவு, யாருடைய உயிருக்கு என்று அதில் இருக்க வேண்டும். 2022 ரிசர்வ் வங்கி விதிப்படி அந்தத் தாள் கொடுப்பது கட்டாயம். இறப்புச் சான்றிதழ் நகலை இணைத்து, இன்ன தேதியில் இறந்தார், காப்பீட்டில் கழித்துக்கொள்ளவும் என்று கிளை அலுவலகத்துக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். வசூலுக்கு வருகிற பையனிடம் வாயால் சொன்னது எந்தக் கணக்கிலும் ஏறாது. உங்கள் குழு செய்யக்கூடிய முதல் உதவி, அந்தத் தபால் போய்ச் சேரும்வரை தவணைக்காக அந்த வீட்டு வாசலில் நிற்காமல் இருப்பது.

மணியக்காரர்_தெரு:

கடைசியாக, மறுத்தால் எங்கே போவது என்பதும் தாளில் இருக்கட்டும். வங்கி படிவத்தையே வாங்க மறுத்தால் எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாள் பார்த்துவிட்டு ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர். காப்பீட்டு நிறுவனம் நிராகரித்தால் அதற்கு மறுப்பு எழுதிவிட்டு, பதில் இல்லை என்றாலோ திருப்தி இல்லை என்றாலோ ஒரு வருடத்துக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்; கட்டணம் இல்லை. எழுதத் தெரியாதவர்களுக்குத் தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம், 15100க்குப் போன் செய்யலாம். பத்துக்கு ரெண்டு கொடு, எல்லாம் முடித்துத் தருகிறேன் என்று வருகிற புரோக்கரிடம் அசல் தாள்களை மட்டும் கொடுக்க வேண்டாம். திரும்பி வராது.

அசல் தாள்களை ஒரே உறையில் போட்டு, மேலே நான் சொன்ன நாலு பெயரும் எப்படி எழுதியிருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவையுங்கள். எந்த அலுவலகத்தில் எந்தப் பெயர் என்று அடுத்த முறை தடுமாற வேண்டியிருக்காது.